பதினாலாயிரம் சீட்டு

நான்கு விநாடி என்ற எண்ணைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஹென்ஷீர் லூஸ் வட்டார மருத்துவமனையின் முன்கூடத்தில் பதினொரு மாதங்களுக்கு முன் எங்கள் நிறுவனம் ஒரு சீட்டு இயந்திரத்தை வைத்தது. நோயாளி அதன் திரையைத் தொட்டு, அரபியா பிரெஞ்சா என்று சொல்லி, அடையாள அட்டையின் எட்டு இலக்கங்களை அழுத்தி, எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, வரிசை எண் அச்சிட்ட சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். தலைநகர் துனிஸில் எங்கள் அலுவலகத்தில் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தபோது, நாள் முழுவதும் கைப்பேசியைத் தேய்க்கும் அந்தப் பிள்ளைகளுக்கே நாற்பது விநாடி ஆனது. ஹென்ஷீர் லூஸில் ஆடு மேய்க்கிறவர்களும் ஆலிவ் பறிக்கிறவர்களும் சராசரியாக நான்கு விநாடியில் சீட்டு எடுத்திருந்தார்கள்.

"ஸி நூமான், நாடு முழுக்கப் பதினெட்டு மெஷின் வெச்சிருக்கோம். அதுல இதுதான் முதல் இடம்," என்றான் காஸி. திட்டத்தின் தலைவன் அவன்; என்னை மரியாதையாக 'ஸி' போட்டுத்தான் கூப்பிடுவான். வயது முப்பத்திரண்டு, கெட்டிக்காரன், கெட்டவன் அல்ல. "வர்ற வியாழக்கிழமை அமைச்சகத்துல கமிட்டி. நீங்க ரெண்டு நாள் போய் உக்காந்துட்டு வந்து நாலு பக்கம் எழுதிக் குடுத்தாப் போதும்."

"நாலு செகண்டுல எட்டு நம்பர் அடிக்க முடியுமா காஸி?"

"பழகிட்டாங்க போல."

"உன்னால முடியுமா?"

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு. நான் எதுக்கு அடிக்கணும்?" என்று சிரித்தான். பிறகு கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "கமிட்டி ஒத்துக்கிட்டா அங்க ரெண்டாவது ஜன்னல மூடிருவாங்க. மெஷின் பாக்குற வேலைக்கு ஆள் எதுக்குன்னு கேக்குறாங்க. அங்க இருக்குற அம்மாவ எண்பது கிலோமீட்டர் தள்ளி எங்கயோ மாத்துறாங்களாம். அவங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்க எதுவும் சொல்லிக்காதீங்க."

பதினேழு வருடம் நான் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். நாளிதழ் மூடப்பட்ட பிறகு இந்த வேலைக்கு வந்தேன். ஒரு மனிதர் ஓர் இயந்திரத்தின் முன் நிற்கும்போது எங்கே தயங்குகிறார், எங்கே விரலைத் தூக்கி மறுபடி வைக்கிறார், எப்போது திரும்பிப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்வது என் வேலை. அவர் தடுமாறினால் தவறு அவருடையது அல்ல, இயந்திரத்தைச் செய்தவருடையது. இந்தத் துறையில் முதலில் சொல்லித்தருவது அதுதான். அடுத்ததாகச் சொல்லித்தருவது, பார்க்கப் போன இடத்தில் எதிலும் கை வைக்காதே, உதவி செய்யாதே, பார்ப்பதோடு நிறுத்திக்கொள் என்பது. முதலாவதை முப்பது கூட்டங்களிலாவது விளக்கியிருப்பேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் அறிக்கைகளில் முதல் பக்கத்துக்கு மேல் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினேன். மார்ச் மாதக் குளிர். மலைப் பக்கத்திலிருந்து வந்த கம்பளிக் கஷாபியா அங்கிகள் வாசற்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தன. உள்ளே ஆட்கள் இருப்பது முகத்தை மூடிய தலைத்துணியின் கீழிருந்து வந்த இருமலில்தான் தெரிந்தது. ஏழு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்தார். யாரும் அவசரப்படவில்லை. அவசரப்பட வேண்டியதில்லை என்பது உள்ளே போனதும் புரிந்தது.

முன்கூடத்தில் இரண்டு ஜன்னல்கள். முதலாவது, பணம் கட்டும் ஜன்னல். இரண்டாவது, நோயாளிகளைப் பதிந்து கூப்பிடும் ஜன்னல். அதற்குக் கீழே ஒரு பளிங்குப் பலகை ஒன்றரை ஆள் நீளத்துக்கு ஓடியது. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சிகிச்சைப் புத்தகத்தை அந்தப் பலகையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, முதுகு வெளியே தெரியும்படி வைத்தார்கள். முனை மடங்கியவை, பிளாஸ்டிக் உறை போட்டவை, ரப்பர் வளையம் சுற்றியவை. வைத்துவிட்டு வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார்கள். வரிசையில் மனிதர்கள் நிற்கவில்லை. புத்தகங்கள் நின்றன.

எதிர்ச் சுவரில் எங்கள் இயந்திரம் நீல வெளிச்சத்தோடு 'வருக' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் தலையில் யாரோ காபிக் கோப்பையை வைத்திருந்தார்கள்.

நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் பெயர் ஜல்லூல். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காக மாதம் ஒரு முறை வருகிறவர்.

"சித்தப்பா, அந்த மெஷின்ல சீட்டு எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு வேணாம்ப்பா. அதுக்கு என்னையப் புடிக்கல." கையை விரித்து விரல் நுனிகளைக் காட்டினார். ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்துக் காய்ந்த தோல். "முதல் வாரம் தொட்டேன். உயிரோட இருக்குற ஆளுன்னு அது ஒத்துக்கவே இல்ல. மூக்க வெச்சு அழுத்துனேன், அப்பத்தான் வேலை செஞ்சது. வைத்தியர்கிட்ட முழங்காலுக்கு வந்தவன் மூக்கால சீட்டு எடுக்குறதான்னு இவங்க எல்லாம் சிரிச்சாங்க."

"இன்னும் சிரிக்கிறோம்," என்றார் எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு பெண்.

"நீ சிரி மப்ரூக்கா. உனக்கு இன்னைக்கு ரத்தம் எடுக்கணும். சிரிக்கிறதுல அது கொறஞ்சிரும்."

"ரத்தம் எடுக்கணுமா?" என்று மூன்றாவது ஒருவர் எழுந்தார். "வெறும் வயித்தோடயா வந்திருக்கீங்க சின்னம்மா?" பதிலுக்குக் காத்திருக்காமல் பலகைக்குப் போய், ரப்பர் வளையம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து ஒன்பது புத்தகங்கள் முன்னால் செருகினார்.

அடுத்த இருபது நிமிடத்தில் இது ஏழு முறை நடந்தது. பதினொன்றரை மணிப் பேருந்தை விட்டால் மறுநாள்தான் ஊர் திரும்ப முடியும் என்பவரின் புத்தகம் முன்னால் போனது. கைக்குழந்தைக்காரியின் புத்தகம் போனது. ஊருக்குள்ளேயே வீடு இருக்கும் ஒரு கடைக்காரரின் புத்தகத்தைப் பேசாமல் பின்னால் தள்ளினார்கள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரே ஒருவர் மட்டும், புதுச் சட்டை போட்டவர், தானே போய்த் தன் புத்தகத்தை நகர்த்தினார். கூடம் முழுவதும் பேச்சு நின்றது.

"அண்ணே, கை சுட்டுரப் போகுது," என்றார் ஜல்லூல்.

"எனக்கு அவசரம்."

"அவசரம்னா சொல்லுங்க. நாங்க நகத்துறோம். உங்களோடத நீங்களே நகத்துனா அப்புறம் பலகை எதுக்கு?"

புதுச் சட்டைக்காரர் புத்தகத்தைப் பழைய இடத்தில் வைத்தார். எட்டரை மணிக்குள் அலுவலகம் போகவேண்டும் என்று முணுமுணுத்தார். யாரோ ஒருவர் சிரிக்காமல் எழுந்துபோய் அதை மூன்று இடம் முன்னால் வைத்தார்.

என் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: தன் புத்தகத்தைத் தான் தொடக்கூடாது, பிறர் தள்ளலாம்.

ஏழரை மணிக்கு வஹீபா வந்தார். இரண்டாவது ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக இருக்கிறவர். ஐம்பதுக்குச் சற்றுக் கீழே வயது இருக்கும். வெள்ளை மேலங்கியின் வலது பை கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. ஜன்னலைத் திறக்காமல் முதலில் வெளியே வந்து, பலகையிலிருந்த புத்தகங்களை ஒழுங்கு கலையாமல் இரு கையாலும் அள்ளி, இயந்திரத்தின் முன் இருந்த நாற்காலியில் அடுக்கினார். அதன் தலையிலிருந்த காபிக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். எட்டு இலக்கங்களை ஒரே மூச்சில் அடித்தார். முதல் சீட்டு வந்தது. முதல் புத்தகத்துக்குள் போனது. பிறகு ஒரு பொத்தான், இன்னொரு பொத்தான், சீட்டு. ஒரு பொத்தான், இன்னொரு பொத்தான், சீட்டு.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு விநாடி.

அந்தப் பொத்தானை எனக்குத் தெரியும். 'அதே நபருக்கு இன்னொரு சீட்டு.' ஒரே நாளில் இரண்டு மருத்துவர்களைப் பார்க்கும் நோயாளிக்காக வைத்தது. அது எதற்கு என்று ஒரு கூட்டத்தில் காஸி கேட்டபோது வாதாடி வைக்கச் செய்தவன் நான்தான்.

பத்து நிமிடத்துக்குள் அறுபத்து மூன்று புத்தகங்களிலும் சீட்டு இருந்தது. வஹீபா ஜன்னலுக்குள் போய், புத்தகத்தைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். காது கேளாதவர்களைக் கை காட்டிக் கூப்பிட்டார். கழிப்பறைக்குப் போனவருக்காகக் காத்திருந்தார். சுவரிலிருந்த எண் பலகை தன் பாட்டுக்கு அவருக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டு வந்தது.

ஒரு மணிக்குக் கூடம் காலியானது. நான் யார் என்று சொல்லி, உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஹரீசா மிளகாய் விழுது தடவி மீனும் ஆலிவும் வைத்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"காலையிலயே தெரியும்," என்றார். "நோயாளின்னா நோட்டுல எழுத மாட்டான். பெருமூச்சு விடுவான்."

"முதல்ல அடிச்ச எட்டு நம்பர் யாரோடது?"

"என்னோடது."

"தினமுமா?"

"வேற யாருது அடிக்க? பொய் நம்பர் அடிச்சா அது குத்தம். என்னோடத அடிச்சா என்ன குத்தம்னு எனக்குத் தெரியல. அதான் அடிச்சேன்."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தேன். எத்தனை சீட்டு, எத்தனை விநாடி என்று மட்டுமே நாங்கள் இதுவரை கேட்டிருந்தோம். எத்தனை பேர் என்று கேட்டதில்லை. கேட்டேன். பதினான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். முதல் ஒன்பது நாளில் இருநூற்றுப் பத்துப் பேர். அதற்குப் பிறகு ஒரே ஒருவர்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். வாசித்துவிட்டு ரொட்டியை மென்று முடித்தார். "எனக்கு அவ்வளவு நோவா?" என்றார்.

முதல் ஒன்பது நாட்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அதுதான் சோர்வாக இருந்தது. இருபது விநாடி சும்மா இருந்தால் திரை ஆரம்பத்துக்குப் போய்விடும். அடையாள அட்டையை நான்கு துணி அடுக்குக்கு உள்ளே வைத்திருக்கும் ஒரு பெண்ணால் இருபது விநாடியில் அதை வெளியே எடுக்க முடியாது. எண் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் வராவிட்டால் சீட்டு ரத்து. சர்க்கரை ஏறிய ஒரு கிழவி கழிப்பறைக்கும் கூடத்துக்குமாக நடந்து மூன்று முறை எண்ணைத் தவறவிட்டாள். மூன்றாம் முறை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று கைகலப்பு ஆனது. நிர்வாகி மேலிருந்து இறங்கி வந்து, மெஷின் ஓட வேண்டும், துனிஸுக்குக் கணக்கு போக வேண்டும், எப்படியென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

"அவருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது," என்றார் வஹீபா. "மெஷினுக்குச் சீட்டு வேணும். சனங்களுக்குப் பலகை வேணும். நடுவுல நான் நின்னுக்கிட்டேன்."

சொல்லக்கூடாது என்று காஸி கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். வியாழக்கிழமை, கமிட்டி, முதல் இடம், மூடப்போகும் ஜன்னல், எண்பது கிலோமீட்டர்.

வஹீபா மேசையில் விழுந்திருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்தார். அவருடைய கணவர் ரஜப் இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார் என்பதை அப்போதுதான் சொன்னார். காலையில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். ஒன்றரை மணிக்கு அவள் தன் வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் இவர் வீட்டுக்குப் போய் அவருக்கு ஊட்ட வேண்டும். எண்பது கிலோமீட்டர் என்றால் வேலையை விட வேண்டியதுதான்.

"நல்லா வேலை பாத்துட்டேன்," என்றார். "கொஞ்சம் மோசமாப் பாத்திருந்தா ஜன்னல் தப்பிச்சிருக்கும்."

எனக்கு ஒரு வழி தோன்றியது. அதைச் சொன்னதற்காக இன்றும் கூச்சமாக இருக்கிறது. "நாளைக்கு ஒரு நாள் நீங்க மெஷினத் தொடாதீங்க அக்கா. விதிப்படி விட்டுருங்க. அவங்கவங்களே எடுக்கட்டும். என்ன ஆகுதுன்னு நான் எழுதிக்கறேன். நீங்க இல்லாம அது ஓடாதுன்னு தானாத் தெரிஞ்சிரும்."

"நாளைக்குப் புதன்."

"ஆமா."

"புதன்கிழமை சர்க்கரைக்காரங்க வர்ற நாள். வெறும் வயித்தோட மலையில இருந்து இறங்கி வருவாங்க. உங்க பேப்பருக்காக அதுல யாரு கீழ விழணும்? ஆளச் சொல்லுங்க, நான் கூப்பிட்டு நிறுத்தறேன்."

"ஒரு நாள்தான்."

"உங்களுக்கு ஒரு நாள். எனக்கு மறுநாளும் அவங்க மூஞ்சியில முழிக்கணும் தம்பி."

ஒன்று இருபதுக்கு எழுந்து மேலங்கியைக் கழற்றி மாட்டினார். நான் என் வாழ்நாளில் பல அறைகளில், பல பேரிடம், பயன்படுத்துகிறவரை நடுவில் வைத்து யோசியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்த அறையில் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

புதன்கிழமை அவர் எழுபத்தொரு சீட்டு எடுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். நான்காம் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று எழுதினேன்: இயந்திரத்தைக் கூடத்திலிருந்து எடுத்து ஜன்னலுக்குள் வைக்க வேண்டும், புத்தகத்தின் மேலட்டையில் இருக்கும் பார்கோடுக் குறியை ஒளியால் படிக்கும் கருவி வேண்டும், வரிசையை மாற்றும் உரிமை திரையில் இருக்க வேண்டும், பளிங்குப் பலகையை யாரும் தொடக்கூடாது. நான்காம் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: 'இந்த இயந்திரத்தை முதல் ஒன்பது நாட்களுக்குப் பிறகு ஒரே ஒருவர்தான் பயன்படுத்தியிருக்கிறார்.' அதற்குக் கீழே பெயருக்கு இடம் விட்டேன்.

ஒரு மணிக்கு மடிக்கணினியை அவர் முன் வைத்தேன். "பேரப் போட்டா உங்கமேல நடவடிக்கை எடுப்பாங்க. இந்த வரியே இல்லைன்னா ஜன்னல் போயிரும். 'ஒரு ஊழியர்'னு மட்டும் போடட்டுமா?"

அவர் நான்கு பக்கத்தையும் படித்தார். என் அறிக்கை ஒன்றை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒரு நாளைக்கு அறுபத்து மூணுன்னு எழுதியிருக்கீங்க. திங்கக்கிழமை எண்பது வரும். மாத்துங்க." மாற்றினேன். "அட்டைக் குறிய ஒளியால படிக்கிறதுன்னு போட்டிருக்கீங்க. பாதி பேர் புத்தகத்துல அட்டையே கெடையாது. வேற யோசிங்க." அதையும் குறித்துக்கொண்டேன். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். விடப்பட்ட இடத்தைப் பார்த்தார்.

"பேரப் போடுங்க."

"அக்கா, விசாரணை வரும்."

"வரட்டும். எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில ஹம்மாதின்னு ஒருத்தர் இருந்தாரு. முத்திரையத் தொலைச்சிட்டாருன்னு அவர்மேல விசாரணை. ஒம்போது வருஷம்." ஒன்பது என்று விரல்களால் காட்டினார். "விசாரணையில இருக்குற ஊழியர இடம் மாத்தக்கூடாது. அவர் இருக்குற பதவிய எடுக்கவும் கூடாது. விதி. முடியுறதுக்குள்ள ஓய்வு வாங்கிட்டுப் போய்ட்டாரு. முத்திரை அவரோட மேசை இழுப்பறையிலயே இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குறீங்க? இதுவும் மெஷின் மாதிரிதான். ஒரு பொத்தான், இன்னொரு பொத்தான்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "முழுப் பேரும் போடுங்க. அடையாள அட்டை நம்பர் உங்ககிட்டதான் இருக்கே."

வியாழக்கிழமை கமிட்டி முதல் பக்கத்தைப் படித்தது. கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்ததாகக் காஸி சொன்னான். தொலைபேசியில் அவன் குரல் களைத்திருந்தது. "முதல் இடத்த எடுத்துட்டாங்க. அந்தம்மா மேல விசாரணைக்கு எழுதியிருக்காங்க. ஜன்னல் விஷயத்தத் தள்ளி வெச்சுட்டாங்க. இதுக்குத்தான் போனீங்களா ஸி நூமான்?"

"பாக்கச் சொன்ன. பாத்தேன்."

"மத்த பதினேழு மெஷின்லயும் எத்தனை பேருன்னு எடுத்துப் பாத்தேன்," என்றான் சற்றுக் கழித்து. "ஆறுல இதே கதை." இன்னும் சற்றுக் கழித்து, "அந்தப் பலகை எத்தன சென்டிமீட்டர் அகலம்னு அளந்தீங்களா?" என்று கேட்டான். நான் அளந்திருந்தேன். சொன்னேன்.

விசாரணையின் முதல் அழைப்பு ஜூலையில் வந்தது. மாகாணத் தலைநகரில், காலை ஒன்பது மணிக்கு. எழுதியவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு. நான் முந்தின நாளே போய்விட்டேன். வஹீபா விடிகாலையில் ஷேர் வேனில் வந்து இறங்கினார். நாற்பது டிகிரி வெயில். அலுவலகத்தின் மின்விசிறி காற்றைத் தராமல் சத்தத்தைத் தந்தது.

கூடத்தில் எங்கள் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்து, இலைகள் திரையில் விழும்படி விட்டிருந்தார்கள். அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் அழைப்புக் கடிதங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் முனையிலும் ஏதாவது ஒரு கனம்: சாவி, கண்ணாடிக் கூடு, ஒரு எலுமிச்சம்பழம். வஹீபா தன் கடிதத்தை ஒன்பதாவதாக வைத்து, பணப்பையை அதன்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு அது ஐந்தாவதாக இருந்தது. பதினொன்று நாற்பதுக்கு நான்காவதாக. ஹென்ஷீர் லூஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு மணி வேனை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்கு. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மரப்பெட்டியைப் பார்த்தார். கையை மடியிலேயே வைத்திருந்தார். இந்த ஊரில் அவரை யாருக்கும் தெரியாது.

"பக்கத்து வீட்டம்மாகிட்ட போன் பண்ணிச் சொல்லலாமே," என்றேன்.

"அவ வேலைக்குப் போகணும். லேட்டானா ஆள எடுத்துருவாங்க." பிறகு, "தண்ணி மட்டும் வாயில ஊத்திட்டுப் போகச் சொல்லியிருக்கேன்," என்றார்.

இந்த வேலைக்கு வந்த பதினைந்து வருடமாக நான் எந்தக் கூடத்திலும் எதையும் தொட்டதில்லை. எழுந்துபோய் அவருடைய கடிதத்தைப் பணப்பையோடு எடுத்து, எலுமிச்சம்பழத்துக்கும் சாவிக்கும் முன்னால், இரண்டாவதாக வைத்தேன். பேச்சு நின்றது.

"இவங்க வீட்டுல ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு," என்று பொதுவாகச் சொன்னேன். "ஒன்றரை மணிக்கு ஊட்டணும். பன்னிரண்டு மணி வண்டியப் புடிக்கணும்."

முதலில் இருந்த கடிதம் கண்ணாடிக் கூட்டுக்காரருடையது; பருத்த மனிதர், கையில் தடித்த கோப்பு. "நீங்க யாரு?" என்று கேட்டார். "அவங்க அண்ணனா?"

"இல்ல."

"வக்கீலா?"

"இல்ல. அவங்களுக்கு எதிரா எழுதிக் குடுத்தவன்."

அவர் என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த வஹீபாவைப் பார்த்தார். வஹீபா ஆமாம் என்று தலையசைத்தார். பருத்த மனிதர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். என் கையை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, பணப்பையோடு அந்தக் கடிதத்தைத் தன் கண்ணாடிக் கூட்டுக்கு முன்னால் தள்ளினார்.